கோடையில் மாடித்தோட்டத்துக்குத் தண்ணீரை எப்படி மிச்சப்படுத்துவது?

லாரித் தண்ணீர் வாங்கும் வீடு, மாடியில் முப்பது பைகளில் செடி, கத்திரி வெயிலை எப்படித் தாண்டுவது என்று கேட்டிருக்கிறீர்கள். எங்கள் வீட்டிலும் இதே பாடுதான், சென்னையில். 2019 ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்ததே, அந்தக் கோடையிலும் எங்கள் மாடியில் செடி இருந்தது. எல்லாச் செடியும் இல்லை.

முதல் வேலையே அதுதான், செடியைக் குறைப்பது. மார்ச் கடைசியில் காய்ப்பு ஓய்ந்த தக்காளி, மிளகாய் எல்லாவற்றையும் பிடுங்கிவிடுங்கள். மனசு வராது, இன்னும் நாலு காய் வருமே என்று தோன்றும். அந்த நாலு காய்க்கு ஊற்றும் லாரித் தண்ணீரின் காசுக்குக் கடையில் கிலோ கணக்கில் வாங்கலாம். கத்தரி, வெண்டை, கொத்தவரை வெயிலைத் தாங்கும். கறிவேப்பிலையைப் பற்றிக் கவலையே வேண்டாம். கொத்தமல்லி, முள்ளங்கி, பீன்ஸ் எல்லாம் வெயில் தணிந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

அடுத்தது ஊற்றும் விதம். தண்ணீர் அதிகம் வீணாவது இங்கேதான். மாடிப் பைகளில் பெரும்பாலும் தென்னை நார்க்கழிவு கலந்த மண் இருக்கும். அது ஒரு தடவை நன்றாகக் காய்ந்துவிட்டால் சுருங்கி, பையின் ஓரத்தை விட்டு விலகி நிற்கும். மேலே ஊற்றும் தண்ணீர் அந்த இடுக்கு வழியாக இறங்கி, அடி ஓட்டையில் வெளியே வந்துவிடும். தரை நனைந்திருப்பதைப் பார்த்து நாமும் போதும் என்று நிறுத்திவிடுவோம். விரலை நடுவில் விட்டுப் பார்த்தால் உள்ளே தூள் பறக்கும். அதனால் முதலில் கால் மக் ஊற்றிவிட்டு அடுத்தடுத்த பைகளுக்குப் போங்கள். வரிசை முடிந்ததும் திரும்பி வந்து மீதியை ஊற்றுங்கள். முதல் தண்ணீரில் நார் ஊறியிருக்கும், இரண்டாவது உள்ளேயே தங்கும். டியூபைப் பிடித்துப் பீய்ச்சும் வேலையைக் கோடையில் விட்டுவிடுங்கள், மக்தான் சரி. நேரம் விடியற்காலை. முடியாவிட்டால் பொழுது சாய்ந்து தரைச் சூடு அடங்கிய பிறகு.

மதியம் இரண்டு மணிக்குப் பூசணி, பீர்க்கு இலைகள் தொங்கிப்போகும். பதறி ஓடித் தண்ணீர் ஊற்றாதீர்கள். வெயிலில் இலை இழக்கும் வேகத்துக்கு வேரால் ஈடுகொடுக்க முடியவில்லை, அவ்வளவுதான். மண் ஈரமாகவே இருக்கும், சாயங்காலம் தானாக நிமிர்ந்துவிடும். காலையிலும் தொங்கினால்தான் தாகம்.

அப்புறம் மூடாக்கு. பையின் மேல்மண் வெயிலுக்குத் தெரியவே கூடாது. தெருவில் கூட்டித் தள்ளும் சருகு, உரித்த தேங்காய் நார், பிடுங்கிய செடியின் தண்டு, எது கிடைத்தாலும் நாலு விரல் உயரத்துக்குப் போடுங்கள். தண்டை ஒட்டி மட்டும் கொஞ்சம் இடம் விடுங்கள், இல்லாவிட்டால் அழுகும். ஜூஸ் கடைக் கரும்புச் சக்கையும் போடலாம், எறும்பு வரும் என்பதற்குத் தயாராக இருந்தால். மே மாதத்தில் மொட்டைமாடித் தரை தோசைக்கல் மாதிரி கொதிக்கும், பையை நேராக அதன் மேல் வைத்தால் அடிவேர் வெந்துபோகும். செங்கல் மேல் ஏற்றி, பைகளை ஒன்றோடொன்று நெருக்கி வையுங்கள். ஒன்றின் நிழல் இன்னொன்றின் மேல் விழும். பச்சை வலை கட்டுவதானால் மேற்குப் பக்கத்தையும் மறையுங்கள், சாய்ந்த வெயில் அங்கிருந்துதான் வரும்.

மண்பானையைச் செடிக்குப் பக்கத்தில் புதைத்துத் தண்ணீர் நிரப்பி, அது மெல்லக் கசிந்து வேரை நனைக்க விடும் பானைப் பாசனத்தைப் பலரும் சொல்வார்கள். தரையில் பாத்தியோ பெரிய டிரம்மோ இருந்தால் அருமையான ஏற்பாடு. சின்னப் பைக்குள் பானையை இறக்கினால் வேருக்கு இடம் எங்கே?

இனி, வீட்டில் வீணாகும் தண்ணீர். அரிசி, காய்கறி கழுவிய தண்ணீரைத் தயங்காமல் ஊற்றலாம். ஆர்ஓ மெஷின் கழிக்கும் தண்ணீரில் உப்பு அதிகம். அதையே தினமும் ஊற்றினால் மண்ணின் மேல் வெள்ளைப் படிவு தெரியும், இலை நுனி கருகும். ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீரில் உப்பே கிடையாது என்று சொல்லலாம், சென்னைப் புழுக்கத்துக்கு ஒரே இரவில் பக்கெட்டில் நல்ல அளவு சேரும். இரண்டையும் சமமாகக் கலந்துவிடுங்கள், உப்பு பாதியாகக் குறையும். வாஷிங்மெஷின் தண்ணீரைப் பைகளுக்கு வேண்டாம். கீழே தரையில் கல்வாழையோ சேம்போ இருந்தால் கடைசி அலசல் தண்ணீரை அங்கே விடலாம்.

கோடை மழையை விட்டுவிடாதீர்கள். 1,000 சதுர அடி மாடியில் 20 மில்லிமீட்டர் பெய்தாலே 1,800 லிட்டருக்கு மேல் விழுகிறது. மழைநீர்க் குழாய்க்குக் கீழே ஒரு டிரம் வையுங்கள். முதல் பத்து நிமிடத் தண்ணீர் தூசியோடு வரும், அதைப் போகவிட்டுப் பிடியுங்கள். வாயை வேட்டித்துணியால் இறுக்கிக் கட்டிவிட்டால் கொசு முட்டையிடாது. டிரம்மை மாடியிலேயே வைப்பதானால் 200 லிட்டர் என்பது 200 கிலோ எடை, நட்ட நடுவில் வைக்காமல் கீழே சுவர் வரும் இடமாகப் பார்த்து வையுங்கள்.