டயர் நின்ற இடத்தில் மட்டும் பெயிண்ட் ஏன் உரிகிறது?

கேள்வி: வீட்டை ஒட்டி ஒரு கார் நிற்கும் அளவுக்கு கராஜ் இருக்கிறது. 3 மீட்டர் அகலம், 6 மீட்டர் நீளம், கான்கிரீட் தரை. ஆயில் மாற்றுவது, பிரேக் பேட் மாற்றுவது, சஸ்பென்ஷன் கழற்றி மாட்டுவது என்று என் கார் வேலைகளை நானே செய்து பழகி வருகிறேன். எப்போதாவது சின்ன வெல்டிங்கும் உண்டு. போன வருடம் தரைக்கு ஒரு ஃப்ளோர் பெயிண்ட் அடித்தேன். நாலே மாதத்தில் டயர் நிற்கும் நாலு இடத்திலும் டயரோடு ஒட்டிக்கொண்டு உரிந்துவிட்டது. பின்சுவர் ஓரமாகக் கொப்புளமும் எழும்பியிருக்கிறது. இந்த முறை எபாக்ஸி போடலாமா? சுவருக்கு என்ன நிறம் நல்லது? லைட், பிளக் பாயிண்ட், பெஞ்ச் எல்லாம் எந்த வரிசையில்?

பதில்: போடலாம். ஆனால் உங்கள் தரையில் இருப்பது ஒரு கோளாறு அல்ல, இரண்டு. டயர் நின்ற இடத்தில் உரிந்ததற்குக் காரணம் பெயிண்ட். பின்சுவர் ஓரம் கொப்புளம் வந்ததற்குக் காரணம் ஈரம். முதலாவதை எபாக்ஸி சரிசெய்யும். இரண்டாவதை எந்த விலை கொடுத்து வாங்கிய எபாக்ஸியாலும் மூடி மறைக்க முடியாது.

முதலில் டயர் விஷயம். ஓடிவந்து நிற்கும் டயர் நல்ல சூட்டில் இருக்கும். ரப்பர் இளக்கமாக இருப்பதற்காக அதில் சேர்த்திருக்கும் எண்ணெய் போன்ற பொருட்கள் அந்தச் சூட்டில் கசிந்து, அடியில் இருக்கும் பெயிண்டை மெதுவாக இளக்கும். டயர் ஆறிச் சுருங்கும்போது இளகிய பெயிண்டைக் கவ்விக்கொள்ளும். மறுநாள் காலை நீங்கள் காரை எடுக்கும்போது அது சுவரொட்டியைக் கிழிப்பது போல வந்துவிடும். ஒற்றை டப்பாவில் வரும் அக்ரிலிக் பெயிண்ட் எல்லாவற்றுக்கும் இந்தக் கதிதான். டப்பா மேலே எபாக்ஸி என்று எழுதியிருந்தாலும் ஏமாறாதீர்கள். ஒரே டப்பாவாக வந்தால் அது பெரும்பாலும் அக்ரிலிக்கில் கொஞ்சம் எபாக்ஸி கலந்தது. உங்களுக்கு வேண்டியது ரெசின் ஒரு டப்பாவும் ஹார்டனர் இன்னொரு டப்பாவுமாக வந்து, கலந்தபிறகு தானாக இறுகும் வகை.

அதை வாங்கும் முன் ஈரத்தைப் பாருங்கள். 45 சென்டிமீட்டர் சதுரத்தில் கனமான பிளாஸ்டிக் தாள் வெட்டி, தரையில் விரித்து, நாலு ஓரத்தையும் காற்றுப் புகாமல் டேப் போட்டு ஒட்டுங்கள். குறைந்தது 16 மணி நேரம், முடிந்தால் ஒரு முழு நாள் விட்டுப் பிரியுங்கள். தாளின் அடியில் நீர் முத்து முத்தாகக் கோத்திருந்தாலோ, அந்த இடத்துக் கான்கிரீட் மட்டும் கறுத்திருந்தாலோ அடியிலிருந்து ஓதம் ஏறுகிறது என்று அர்த்தம். பெயிண்ட் மிச்சம் இருக்கும் இடத்தில் இந்தச் சோதனை பொய் சொல்லும். தரையைச் சுரண்டிவிட்டுச் செய்யுங்கள். நடுவில் ஒன்று, வாசல் பக்கம் ஒன்று, அந்தக் கொப்புள ஓரத்தில் ஒன்று, ஆக மூன்று இடம். மழை ஓய்ந்த மறுவாரம் செய்தால் இன்னும் நம்பலாம்.

பின்சுவர் பக்கம் மட்டும் ஈரம் என்றால் கராஜுக்குள் தேடாமல் வெளியே போய்ப் பாருங்கள். கூரைத் தண்ணீர் அந்தச் சுவர் ஓரமாக விழுகிறதா? வெளி மண் மட்டம் உள்தரையை விட உயர்ந்திருக்கிறதா? குழாயைத் திருப்பிவிட்டு, மண்ணை வெட்டி, வெளியே வாட்டம் எடுத்தாலே பாதிப் பிரச்சினை தீரும். அப்புறம் சில வாரம் உலரவிட்டு மறுபடி சோதியுங்கள். தரை முழுவதுமே ஈரம் என்றால் எபாக்ஸி ஆசையை விட்டுவிடுங்கள் என்றுதான் சொல்வேன். ஈரத்தைத் தடுப்பதற்கென்றே தனி ப்ரைமர்கள் உண்டு, ஆனால் வீட்டில் முதல் முறை செய்பவர் கையில் அது சூதாட்டம். அதைவிட, கான்கிரீட்டுக்குள் ஊறி இறங்கி, அது மூச்சுவிடவும் இடம் கொடுக்கும் சிலிக்கேட் வகை சீலரை அடித்து விட்டுவிடலாம். பார்க்கப் பெயிண்ட் போல இருக்காது. உரிவதற்கும் அங்கே ஒன்றும் இருக்காது.

ஈரம் இல்லை என்று தெரிந்ததா? இனித்தான் உண்மையான வேலை. எபாக்ஸி எதன்மேல் உட்காருகிறதோ அது எவ்வளவு உறுதியோ அவ்வளவுதான் எபாக்ஸியும் உறுதி. அதனால் பழைய பெயிண்ட் நன்றாக ஒட்டியிருக்கும் இடத்திலும் அதை விட்டுவைக்காதீர்கள். மொத்தமும் போக வேண்டும். ஆசிட் ஊற்றிக் கழுவினால் போதும் என்று பலர் சொல்வார்கள். ஆசிட் வெறும் கான்கிரீட்டின் துளைகளைத் திறக்கும், அவ்வளவுதான். பெயிண்டையோ ஆயில் கறையையோ தாண்டி அது உள்ளே போகாது. அதன் புகை கராஜில் இருக்கும் ஸ்பானர்களை எல்லாம் ஒரே இரவில் துருப்பிடிக்க வைக்கும். நானே என் முதல் கராஜில் ஆசிட்டை ஊற்றி, சரியாக அலசாமல் விட்டு, தரையில் தங்கிய வெள்ளைப் பொடியின்மேல் எபாக்ஸி போட்டவன். ஆறு மாதத்தில் அப்பளம் போலத் தகடு தகடாக எடுத்தேன்.

டயமண்ட் கப் வீல் மாட்டிய கிரைண்டரால் தேய்ப்பதுதான் சரியான வழி. 18 சதுர மீட்டருக்கு வாடகைக்குத் தரை கிரைண்டர் எடுத்தால் முதுகு தப்பிக்கும். ஓரங்களுக்குக் கை கிரைண்டர். தூசியை உறிஞ்சும் உறையும் வேக்குவமும் கட்டாயம். கான்கிரீட் தூசியில் இருக்கும் சிலிக்கா நுரையீரலில் தங்கினால் வெளியே வராது; துணியைக் கட்டிக்கொண்டு இதைச் செய்யக் கூடாது, முகத்தோடு படியும் தூசி மாஸ்க் வேண்டும். தேய்த்து முடித்த தரை கைக்கு 80 நம்பர் உப்புத்தாள் போல இருக்க வேண்டும். ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். ஒரு நிமிடத்தில் உறிஞ்சிக் கறுத்தால் தயார். முத்தாக நின்றால் அங்கே இன்னும் பெயிண்டோ ஆயிலோ இருக்கிறது.

ஆயில் கறைதான் உங்கள் மாதிரி வேலை நடக்கும் கராஜில் பெரிய வில்லன். அதைத் தேய்ப்பதற்கு முன்பே கவனியுங்கள், இல்லாவிட்டால் கிரைண்டர் அதைப் பக்கத்திலும் பரப்பிவிடும். டிகிரீஸரை ஊற்றி, கெட்டி பிரஷ்ஷால் தேய்த்து, காயவிடாமல் உறிஞ்சி எடுங்கள். சொட்டுச் சோதனையில் தேறும்வரை திரும்பத் திரும்ப. விரிசல்களை எபாக்ஸி ஃபில்லரால் அடைக்கலாம். கான்கிரீட் போடும்போதே நேர்கோடாக விட்ட இணைப்பு இடைவெளியை மட்டும் அடைக்காதீர்கள். தரை அசையும்போது அந்த இடம் எப்படியும் வெடிக்கும்.

எந்த எபாக்ஸி நல்லது என்பதை விளம்பரத்தில் தேட வேண்டாம், டப்பாவில் எழுதியிருக்கும் பரப்பளவிலேயே பதில் இருக்கிறது. 1 லிட்டரை 4 சதுர மீட்டருக்குப் பூசினால் 250 மைக்ரான் கனம் வரும். கரைப்பானோ தண்ணீரோ கலக்காத வகையில் அந்தக் கனம் அப்படியே நிற்கும். அதே 1 லிட்டர் 12 சதுர மீட்டர் வரும் என்று ஒரு டப்பா பெருமைப்பட்டால், ஈரமாக இருக்கும்போதே கனம் 83 மைக்ரான்தான். அதில் பாதி ஆவியாகும் வகை என்றால் மிஞ்சுவது 40 சொச்சம். தலைமுடியை விட மெல்லிசு. அதன்மேல் ஜாக்கை உருட்டினால் எத்தனை நாள் தாங்கும்? கரைப்பான் இல்லாத வகையில் உங்கள் தரைக்கு ஒரு பூச்சுக்கு 4.5 லிட்டர் கணக்கு வருகிறது. தேய்த்த தரை கொஞ்சம் குடிக்கும், அதனால் 5 லிட்டருக்குக் குறையாமல் வைத்துக்கொள்ளுங்கள்.

கலந்த எபாக்ஸியை வாளியிலேயே வைத்துக்கொண்டு ரோலரை முக்கி முக்கி அடிக்காதீர்கள். குவியலாக இருந்தால் தன் சூட்டிலேயே வெந்து கெட்டியாகிவிடும். கலந்த உடனே தரையில் நீளக் கோடுகளாக ஊற்றிவிட்டு அப்புறம் பரப்புங்கள். காலையில் ஆரம்பிக்கவும் வேண்டாம். தரை சூடேற ஏற அதன் துளைகளில் இருக்கும் காற்று விரிந்து மேலே வந்து, பூச்சில் குமிழியும் ஊசித்துளையும் போடும். சூடு இறங்க ஆரம்பித்த பிற்பகலில் தொடங்கினால் இந்தத் தொல்லை குறைவு. ஆனால் பனி இறங்கும் நேரம் வரை இழுக்கக் கூடாது. தரையின் வெப்பம் பனிநிலையை (காற்றில் இருக்கும் ஈரம் நீராகப் படிய ஆரம்பிக்கும் வெப்பநிலையை) விடக் குறைந்தது 3 டிகிரி செல்சியஸ் அதிகமாக இருக்க வேண்டும் என்பது இந்தத் தொழிலில் எல்லோரும் வைத்திருக்கும் கணக்கு.

வாசல் வழியாக வெயில் விழும் இடத்தில் எபாக்ஸி மஞ்சளாகும். மேலே வெயில் தாங்கும் வகை (அலிஃபாட்டிக்) பாலியூரித்தேன் பூச்சு கொடுத்தால் மஞ்சளாவதும் கீறலும் குறையும். அதில் வழுக்காமல் இருக்க நைசான அலுமினியம் ஆக்சைடு மணலைக் கலக்கலாம். கொஞ்சமாகவே கலக்குங்கள், அள்ளிப் போட்டால் சிந்திய ஆயிலைத் துடைக்கும் துணியெல்லாம் தரையிலேயே மாட்டிக்கொள்ளும்.

நிறம் என்று வரும்போது என் பிடிவாதம் ஒன்று உண்டு. தரைக்கு வெளிர் சாம்பல், ஒரே நிறம், அலங்காரச் செதில் தூவாமல். செதில் தூவிய தரை படத்தில் அழகாக இருக்கும், தூசியையும் மறைக்கும். கூடவே, கை நழுவி விழுந்த கிளிப்பையும் சர்க்ளிப்பையும் மறைத்துவிடும். 10 எம்எம் சாக்கெட் எந்தத் தரையிலும் தொலையத்தான் செய்யும், அதற்கு நாமே உதவி செய்ய வேண்டாம். சுவருக்கு வெள்ளை அல்லது அதை ஒட்டிய நிறம், கழுவக்கூடிய செமி கிளாஸ். கீழே ஒரு மீட்டர் உயரத்துக்கு அடர் சாம்பலில் எனாமல் அடித்தால் டயர் அழுக்கும் கிரீஸ் கையும் தெரியாது. கூரைக்குப் பளபளப்பு இல்லாத வெள்ளை. சிவப்பு, நீலம் எல்லாம் ஆசைக்குச் சரி, ஆனால் அந்தச் சாயல் காரின் பாடியில் விழுந்து, கீறலையும் நிற வித்தியாசத்தையும் பார்க்கவிடாமல் செய்யும்.

லைட்டை நடுக்கூரையில் போடுவது எல்லோரும் செய்யும் தவறு. வெளிச்சம் காரின் கூரைக்குப் போகும், பானெட்டைத் திறந்தால் அதன் நிழல் எஞ்சின்மேல் விழும். காருக்கும் சுவருக்கும் இடையில் இருக்கும் சந்துக்கு நேர் மேலே இரு பக்கமும் ஒவ்வொரு வரிசை, பானெட்டுக்கு முன்னால் குறுக்கே ஒன்று என்று எல்இடி டியூப் போடுங்கள். உங்கள் அளவுக்கு 1200 எம்எம் டியூப் ஆறு முதல் எட்டு வேண்டும். வெளிச்சத்தின் நிறம் 4000 முதல் 5000 கெல்வின், நிறங்களை எவ்வளவு உண்மையாகக் காட்டும் என்பதற்கான சி.ஆர்.ஐ. அளவு 90 பக்கம் இருந்தால் வயரின் நிறம் சரியாகத் தெரியும். கதவு மேலே ஏறிக் கூரைக்கு அடியில் படுக்கும் வகை என்றால், திறந்திருக்கும்போது எந்த லைட்டை மறைக்கிறது என்று முதலில் பாருங்கள்.

பிளக் பாயிண்ட்களைத் தரையிலிருந்து 45 சென்டிமீட்டருக்குக் கீழே வைக்கவே வைக்காதீர்கள். பெட்ரோல் ஆவி காற்றை விடக் கனமானது, தரையோடு தவழும். பெஞ்சுக்கு மேலே ஒரு மீட்டர் சொச்சத்தில் இருந்தால் குனியவும் வேண்டாம். கம்ப்ரஷருக்குத் தனி லைன், எல்லா பிளக்குக்கும் 30 மில்லி ஆம்பியர் கசிவுத் தடுப்பு பிரேக்கர். இதை எலக்ட்ரீஷியன் செய்யட்டும். காற்றுக் குழாய்க்கு பிவிசி வேண்டாம், அழுத்தத்தில் வெடித்தால் சில்லாகப் பறக்கும்.

3 மீட்டர் அகலத்தில் 1.8 மீட்டர் காரை நடுவில் நிறுத்தினால் பக்கத்துக்கு 60 சென்டிமீட்டர்தான். பக்கச் சுவரில் பெஞ்ச் போட்டால் கதவைத் திறக்க முடியாது. அதனால் பெஞ்ச் பின்சுவரில்தான். அது ஓதம் வந்த சுவர் என்பதால் மரப்பலகையைச் சுவரோடு ஒட்டாமல், இரும்புக் காலில், ஒரு கை நுழையும் இடைவெளி விட்டு நிறுத்துங்கள். பிரேக் வேலை பார்க்கும் நாளில் காரை ஒரு பக்கமாக ஒதுக்கி நிறுத்தினால் மறுபக்கம் உட்கார இடம் கிடைக்கும்.

வெல்டிங் பொறி எபாக்ஸியைக் கருக்கும். வாசல் பக்கம் ஒரு மீட்டர் பட்டையைப் பூசாமல் விட்டு, அங்கேயே வெல்டிங் வைத்துக்கொள்வது நல்லது. குளோரின் கலந்த பிரேக் கிளீனர் அடித்த பாகத்தை மட்டும் வெல்டிங் செய்யாதீர்கள், அதிலிருந்து வருவது பாஸ்ஜீன் என்ற விஷவாயு. ஆயில் துணிகளை மூடியுள்ள இரும்பு டப்பாவில் போடுங்கள். கதவைச் சாத்திக்கொண்டு எஞ்சினை ஓட்டுவது ஒரு நிமிடத்துக்கும் கூடாது. ஜாக் ஸ்டாண்டின் கால் பூச்சில் பள்ளம் போடும், அதனால் ஒவ்வொன்றுக்கும் அடியில் அகலமான ப்ளைவுட் துண்டு வையுங்கள். ஜாக்குக்கு அடியில் வைக்க வேண்டாம்; காரைத் தூக்கும்போது அது சக்கரத்தில் நகர வேண்டும்.

வரிசை இதுதான்: வெளியே தண்ணீரைத் திருப்புவது, உள்ளே தரையைத் தேய்ப்பது, வயரிங், கூரை, சுவர், கடைசியில் தரைப் பூச்சு. தேய்ப்பதை முதலிலேயே முடிக்கச் சொல்வது தூசிக்காக. புதுச் சுவரில் அந்தத் தூசி படிந்தால் மறுபடி அடிக்க வேண்டியிருக்கும். சுவர் முடிந்தபிறகு தரையை இன்னொரு முறை வேக்குவம் போட்டுவிட்டு, பெயிண்ட் சிந்திய இடங்களை மட்டும் தேய்த்துக்கொள்ளுங்கள். பூச்சு முடிந்து ஒரு நாளில் நடக்கலாம், காருக்கு ஒரு வாரம். கலந்ததில் கொஞ்சத்தை ஒரு பலகைத் துண்டில் தடவி கராஜிலேயே வைத்திருங்கள். காரை ஏற்றும் முன் அதை நகத்தால் அழுத்திக் கீறுங்கள். தடம் விழுந்தால் கார் இன்னும் இரண்டு நாள் வெளியே நிற்கட்டும்.