சுயேச்சை வேட்பாளர்களை ஊடகங்கள் ஏன் கண்டுகொள்வதே இல்லை?

கண்டுகொள்வதில்லை என்று யார் சொன்னது? நன்றாகவே கண்டுகொள்கிறார்கள், நாம் ஏதாவது வேஷம் கட்டிக்கொண்டு போனால்.

கேள்வியில் உள்ள கோபத்தைப் பார்த்தால் நீங்களோ உங்கள் வீட்டில் யாரோ நிற்கப் போகிறீர்கள் போலத் தெரிகிறது. நான் 2021 சட்டமன்றத் தேர்தலில் சேலம் பக்கம் ஒரு தொகுதியில் நின்றவன். தொகுதிப் பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் தேடிப் பிடித்து என் ஓட்டு எண்ணிக்கையைக் கீழே போடுவீர்கள். சரி, நானே சொல்லிவிடுகிறேன்: 437. பதிவான செல்லத்தக்க ஓட்டில் ஆறில் ஒரு பங்குக்கு மேல் வாங்கினால்தான் டெபாசிட் திரும்பும். நான் அந்தத் திசையில்கூட இல்லை. நோட்டாவுக்கு என்னைப்போல மூன்று மடங்கு விழுந்தது.

எதற்கு நின்றேன் என்றால், எங்கள் ஊர் ஏரியில் பல வருடமாகச் சாக்கடை கலக்கிறது. மனு கொடுத்துக் கொடுத்து அலுத்துவிட்டது. தேர்தலில் நின்றால் பத்திரிகைக்காரர்கள் ஏன் நிற்கிறாய் என்று கேட்பார்கள், அப்போது ஏரியைச் சொல்லலாம் என்று கணக்குப் போட்டேன். 'விளம்பரத்துக்கு நின்றான்' என்று இதற்கும் ஒருவர் வருவார். ஆமாம் சார், விளம்பரத்துக்குத்தான். ஏரிக்கு.

அங்கீகரிக்கப்பட்ட கட்சி வேட்பாளருக்கு ஒருவர் முன்மொழிந்தால் போதும், எங்களுக்குப் பத்துப் பேர் வேண்டும். அந்தப் பத்துக் கையெழுத்துக்கே நான்கு நாள் அலைந்தேன். மனுத்தாக்கல் அன்று பிரமாணப் பத்திரம், டெபாசிட் 10,000 ரூபாய், அதோடு ஏரியைப் பற்றி இரண்டு பக்கம் எழுதி இருபது ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு போனேன். கொரோனா காலம் என்பதால் வேட்பாளருடன் இரண்டு பேரைத்தான் உள்ளே விட்டார்கள்.

வெளியே நான்கைந்து கேமரா. எனக்கு முன்னால் போன இன்னொரு சுயேச்சை டெபாசிட்டை ஒரு ரூபாய் நாணயமாக மூட்டை கட்டிக்கொண்டு வந்திருந்தார். ஊழியர்கள் உட்கார்ந்து எண்ணினார்கள். மொத்த மைக்கும் அவர் வாய்க்கு முன்னால். நான் ஜெராக்ஸை நீட்டினேன். ஒரு பையன் மட்டும் வாங்கினான், நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்தான். 'வித்தியாசமா ஏதாச்சும் வெச்சிருக்கீங்களாண்ணா? விசுவல் இல்லாம ஆபீஸ்ல எடுக்க மாட்டாங்க' என்றான். அவன்மேல் எனக்குக் கோபமே இல்லை. உண்மையைச் சொன்னவன் அவன் ஒருவன்தான்.

அடுத்து நான் செய்ததைச் சொல்ல இன்றும் கூச்சமாக இருக்கிறது. ஏரித் தண்ணீரைப் பன்னிரண்டு பாட்டிலில் பிடித்து, கயிற்றில் கோத்துக் கழுத்தில் மாலையாகப் போட்டுக்கொண்டு பஸ் ஸ்டாண்டில் ஓட்டுக் கேட்டேன். மூன்று சேனல் வந்தது. 'இன்னொரு தடவை குனிஞ்சு கும்பிடுங்கண்ணா, பாட்டில் ஆடணும்' என்றார்கள். கும்பிட்டேன். நான்கு நிமிடம் பேசினேன், எங்கிருந்து சாக்கடை வருகிறது, எந்த வாய்க்காலை அடைத்தால் நிற்கும், எல்லாம். சாயங்காலம் போட்டார்கள். 'பாட்டில் மாலையுடன் வாக்கு சேகரித்த சுயேச்சை.' என் குரலே இல்லை, பின்னால் ஒரு காமெடி இசை. ஏரியின் பெயர் வரவில்லை. அம்மா டிவியைப் பார்த்துவிட்டு, 'என்னடா, பாட்டில் யாவாரமா?' என்று கேட்டார்.

ஊடகத்தின் பக்கமும் நியாயம் உண்டு, இல்லை என்று சொல்லவில்லை. அந்தத் தேர்தலில் 234 தொகுதிக்கு 3,998 பேர் நின்றார்கள். தொகுதிக்குச் சராசரி பதினேழு பேர். எல்லோரையும் பேட்டி எடுத்தால் தேர்தல் முடிந்து ஆட்சியே முடிந்துவிடும். பெரிய கட்சி வேட்பாளரோடு எனக்கும் சம இடம் கொடு என்று நான் கேட்கவும் இல்லை. ஏரியின் பெயரைத்தான் கேட்டேன். மூன்றெழுத்து.

1996 சட்டமன்றத் தேர்தலில் ஈரோடு பக்கம் மொடக்குறிச்சித் தொகுதியில் 1,033 பேர் நின்றது உங்களுக்குத் தெரிந்திருக்கும். வாக்குச்சீட்டைப் புத்தகம்போல அச்சடிக்க வேண்டி வந்தது. தேர்தலுக்குத் தேர்தல் அதை 'சுவாரசியத் தகவல்' என்று பெட்டிச் செய்தியாகப் போடுகிறார்கள். நின்றவர்களில் பெரும்பாலோர் விவசாயிகள், தங்கள் குறையை யாரும் கேட்கவில்லை என்று நின்றவர்கள். என்ன குறை என்று அந்தப் பெட்டிக்குள் எப்போதாவது படித்திருக்கிறீர்களா? அரசாங்கத்துக்கு மட்டும் செய்தி சரியாகப் போய்ச் சேர்ந்தது. அந்த வருடமே சட்டமன்ற டெபாசிட்டை 250 ரூபாயிலிருந்து 5,000 ஆக்கி, பத்துப் பேர் முன்மொழிய வேண்டும் என்ற விதியையும் கொண்டுவந்தார்கள். பிறகு 10,000 ஆனது. நான் அலைந்த நான்கு நாளுக்கு மூலம் அதுதான்.

மேட்டூர் பத்மராஜனைச் சொல்லி, அவருக்கு நல்ல கவரேஜ்தானே என்று யாராவது கேட்கலாம். டயர் கடை வைத்திருப்பவர், 1988 முதல் நிற்கிறார், இருநூறு தடவைக்கு மேல் தோற்றிருக்கிறார். தோற்பதுதான் அவர் சாதனை, அவரே மகிழ்ச்சியாகச் சொல்கிறார், அவருக்கு அது பொருந்துகிறது. 2024இல் ராமநாதபுரத்தில் பலாப்பழச் சின்னத்தில் நின்ற ஓ.பன்னீர்செல்வமும் தாளில் சுயேச்சைதான். முன்னாள் முதல்வர் என்பதால் தினமும் நேரலை. அதே பெயரில் அங்கே நின்ற மற்ற பன்னீர்செல்வங்களை யாராவது உட்கார வைத்து நாலு கேள்வி கேட்டார்களா? தலையை எண்ணிச் சிரித்ததோடு சரி.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். வாக்குப்பதிவுக்கு ஒரு வாரம் முன்பு உள்ளூர் நிருபர் ஒருவர் வீட்டுக்கே வந்தார். எந்தப் பத்திரிகை என்று கேட்காதீர்கள். எட்டாயிரத்துக்கு ஒரு விளம்பரம் கொடுத்தால் படத்தோடு கால் பக்கப் பேட்டி, ஏரி சமாச்சாரமும் வரும் என்றார். பகுதிநேர நிருபருக்குக் கிடைப்பது சொற்பம், விளம்பரம் பிடித்துக் கொடுத்தால்தான் ஏதோ தேறும். எனக்கும் அது தெரியும். காசு கொடுத்துச் செய்தி போட்டால் புகார் செய்ய மாவட்டத்தில் ஒரு குழுவே இருக்கிறது. நான் போகவில்லை. பணமும் கொடுக்கவில்லை. ஏரியும் வரவில்லை.

பிரசாரம் ஓய்வதற்குள் பாட்டில்களைக் குப்பையில் போட்டுவிட்டு, ஜெராக்ஸைத் தெருத் தெருவாக நானே கொடுத்தேன். 437இல் பாதி அந்தத் தெருக்களில் வந்ததுதான் என்று பூத் வாரியான பட்டியலைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன்.

அந்தப் பட்டியலை மட்டும் நீங்கள் பார்க்காதீர்கள். படிவம் 20 என்று பெயர். எந்தச் சாவடியில் எத்தனை விழுந்தது என்று போட்டிருக்கும். என் மனைவியின் அண்ணன் வீட்டுச் சாவடியில் எனக்கு விழுந்தது இரண்டு. அந்த வீட்டில் மட்டும் ஒன்பது ஓட்டு. மனுத்தாக்கல் அன்று சால்வை போட்டு போட்டோ எடுத்துக்கொண்டவர் அவர். அடுத்த மாதம் மகளுக்குக் கல்யாணம் என்று பத்திரிகை வைத்துவிட்டுப் போயிருக்கிறார். போவதா வேண்டாமா என்று வீட்டில் இன்னும் பேச்சு ஓடிக்கொண்டிருக்கிறது.