ரிப்போர்ட்டில் 'கெரோஸ் டைப் 3': மூக்கு ஆபரேஷனைத் தள்ளிப்போடலாமா?

கேள்வி: என் கணவருக்கு 41 வயது. பாலக்கோடு தக்காளி மண்டியில் சுமை தூக்குகிறார். மூக்கின் இரண்டு பக்கமும் சதை வளர்ந்திருக்கிறது என்று தர்மபுரியில் சி.டி. ஸ்கேன் எடுத்து, எண்டோஸ்கோப்பி ஆபரேஷனுக்கு நாள் குறித்திருக்கிறார்கள். ரிப்போர்ட்டில் 'கெரோஸ் டைப் 3', 'கான்கா புல்லோசா', மூக்குத் தண்டு வளைவு என்றெல்லாம் இருக்கிறது. டைப் 3 என்றால் கருவி மூளைக்குள் போய்விடும் என்று நெட்டில் பார்த்தேன். சளி பிடித்தால் இடது கண் இமை வீங்குகிறது. மெடிக்கலில் மாத்திரை வாங்கிப் போட்டால் வற்றிவிடும். ஆபரேஷனே வேண்டாம் என்று விட்டுவிடலாமா?

பதில்: டைப் 3 நோயே இல்லை, அம்மா. அவர் எலும்பின் அமைப்பு அது.

மூக்கின் கூரைக்கு மேலே மூளை. அந்தக் கூரையில் வாசனை நரம்பு தங்கும் பள்ளத்தின் ஆழத்தை 1962-ல் கெரோஸ் என்பவர் மூன்றாகப் பிரித்தார். 1 முதல் 3 மி.மீ. என்றால் முதல் வகை, 4 முதல் 7 இரண்டாவது, 8-ம் அதற்கு மேலும் மூன்றாவது. பள்ளம் ஆழமானால் அதன் மெல்லிய பக்கச் சுவரும் உயரமாக இருக்கும். அங்கே கருவியை நடுப்பக்கம் சாய்க்கக் கூடாது. இதை முன்கூட்டியே தெரிந்துகொள்ளத்தான் ஸ்கேன். தியேட்டரில் படத்தை விளக்குப் பெட்டியில் மாட்டி, இடமும் வலமும் ஒரே உயரமா, கண் பக்கத்துச் சுவரில் எங்காவது ஓட்டை இருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் நான் கையுறையே போடுவேன். ஆபத்து அறவே இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் அபூர்வம். உங்கள் டாக்டரிடம் படத்தை வைத்தே விளக்கச் சொல்லுங்கள்.

கான்கா புல்லோசா என்பது காற்று நிரம்பிய எலும்பு. தண்டு வளைவோ, நேரான தண்டு உள்ளவரைத்தான் தேட வேண்டும். இரண்டையும் மறந்துவிடுங்கள்.

நீங்கள் போகிற போக்கில் எழுதிய கண் இமை வீக்கம்தான் எனக்குக் கவலை. சைனஸுக்கும் கண்ணுக்கும் இடையில் இருப்பது காகிதம் போன்ற எலும்பு. சீழ் அதைத் தாண்டினால் பார்வையே போகலாம். இமை வீங்கி, கண்ணை அசைத்தால் வலித்தாலோ, முழி முன்னே தள்ளினாலோ, ஒன்று இரண்டாகத் தெரிந்தாலோ, பார்வை மங்கினாலோ விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். அந்த இரவே தர்மபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். ஆபரேஷன் முடிந்த பிறகும் இதே அறிகுறிகள்தான், இதே அவசரம்தான்.

அந்த மாத்திரை எதுவென்று தெரியாமல் எப்படிக் கொடுக்கிறீர்கள்? பெயர் சொல்லாமல் தரும் வீக்க மாத்திரைகள் பல ஸ்டீராய்டு. வீக்கம் வற்றும், சீழ் உள்ளே வேலையைத் தொடரும். இன்றே நிறுத்துங்கள் என்றும் சொல்ல மாட்டேன். நெடுநாள் சாப்பிட்டிருந்தால் திடீரென நிறுத்துவதும் ஆபத்து. அட்டையோடு நாளைக்கே உங்கள் டாக்டரிடம் போங்கள், மயக்க மருந்து கொடுப்பவருக்கும் அது தெரிய வேண்டும். இமை வீங்குவதையும் அப்போதே சொல்லுங்கள். ரிப்போர்ட் தாளோடு நிற்காமல் ஸ்கேன் படத்தையும் அது பதிந்த சி.டி. தட்டையும் கையோடு எடுத்துப் போங்கள்.