ஜார்ஜெட் பாவாடையின் கீழ்விளிம்பு ஏன் தொங்குகிறது?

கேள்வி: ஜார்ஜெட்டில் குடைபோல் விரியும் அம்ப்ரெல்லா கட் பாவாடை தைத்தேன். பக்கத் தையல் சுருங்கி நிற்கிறது. இரண்டு முறை உடுத்தியதும் கீழ்விளிம்பு அங்கங்கே தொங்குகிறது. வெட்டியதில் தவறா?

பதில்: வெட்டியதில் குறை இருக்காது. அவசரப்பட்டு மடித்துவிட்டீர்கள் என்றுதான் நினைக்கிறேன்.

மிச்சத் துண்டிலிருந்து ஒரு நூலை உருவிப் பாருங்கள். நேராக நிற்காது, நெளிநெளியாகச் சுருளும். அவ்வளவு முறுக்கேறிய நூல் அது. வலமுறுக்கு நூலையும் இடமுறுக்கு நூலையும் மாற்றி மாற்றிப் போட்டு நெய்வதால்தான் ஜார்ஜெட்டுக்கு அந்தச் சொரசொரப்பும் துள்ளலும் வருகின்றன. (பெயர் மட்டும் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வாழ்ந்த ஜார்ஜெட் டி லா பிளாண்ட் என்ற பிரெஞ்சுத் தையற்கலைஞருடையது.)

அம்ப்ரெல்லா கட்டில் சில இடங்களில் நூல் நேராக இறங்கும், சில இடங்களில் கிராஸாக, அதாவது சாய்வாக, விழும். கிராஸ் விழும் இடம் தன் எடையாலேயே நீளும். ஆகவே இடுப்புப் பட்டியை வைத்துத் தைத்ததும் பாவாடையை ஒரு முழு நாளாவது தொங்கவிடுங்கள். பிறகு உடுத்தி நின்று, தரையிலிருந்து ஸ்கேல் வைத்துச் சுற்றிலும் ஒரே உயரத்தில் சாக்பீஸால் குறிக்கும்படி இன்னொருவரிடம் சொல்லுங்கள். குறித்த கோட்டுக்குக் கீழே 1 செ.மீ. விட்டு வெட்டி, அதன்பின் மடியுங்கள். இப்போது தைத்திருப்பதையும் பிரித்து இப்படியே சரிசெய்யலாம். உயரம் கொஞ்சம் குறையும், அவ்வளவுதான்.

அகல மடிப்பு வேண்டாம். வெளியே நிழலாகத் தெரியும், விளிம்பையும் கீழே இழுக்கும். குறித்த கோட்டுக்குச் சற்றுக் கீழே ஒரு தையல் ஓட்டி, அந்தத் தையலிலேயே மடித்து ஓரத்தில் இன்னொன்று ஓட்டுங்கள். மிச்சத்தை ஒட்ட நறுக்கி, மறுபடி மடித்துத் தைத்தால் 3 மி.மீ. மடிப்பு கிடைக்கும்.

பக்கத் தையல் சுருங்குவதற்குப் பலரும் மெஷினைத் திட்டுவார்கள். முதலில் ஊசியைப் பாருங்கள்: 14ஆம் எண் இருந்தால் கழற்றிவிட்டுப் புதிய 9ஆம் எண் போடுங்கள். மெல்லிய நூல், 2 மி.மீ. தையல், சற்றே தளர்ந்த டென்ஷன் (நூலின் இறுக்கம்). தொடங்கும்போது மேல்நூல், அடியிலிருந்து வரும் பாபின்நூல் இரண்டையும் பின்னால் பிடித்துக்கொள்ளாவிட்டால் ஊசித் துளை துணியை விழுங்கிவிடும். துணிக்கு அடியில் ஒரு பட்டை டிஷ்யூ பேப்பர் வைத்துத் தைத்துப் பின்பு கிழித்தெடுங்கள்.

அடுத்த முறை விஸ்கோஸ் (ரேயான்) ஜார்ஜெட் வாங்கினால், வெட்டும் முன்பே நனைத்து உலர்த்திவிடுங்கள். அது தண்ணீர் பட்டால் சுருங்கும்.