மும்பை வாட்சன் ஹோட்டல்: கேள்வி பதில்

மும்பை காலா கோடாவில் இன்று எஸ்ப்ளனேட் மேன்ஷன் என்று அழைக்கப்படும் பழைய வாட்சன் ஹோட்டலைப் பற்றி நண்பர்கள் கேட்டவற்றுக்கு, பழைய கட்டடங்களின் கட்டுமானத்தைப் பல வருடங்களாகப் படித்து வருபவன் என்ற முறையில் பதில் சொல்கிறேன்.

கேள்வி: கட்டியது யார்? மும்பையில் அப்படி ஒரு ஹோட்டலுக்கு என்ன தேவை வந்தது?

ஜான் வாட்சன் என்ற ஆங்கிலேய ஜவுளி வியாபாரி. அமெரிக்க உள்நாட்டுப் போரால் அங்கிருந்து பஞ்சு வரத்து நின்றபோது பம்பாய்ப் பருத்திக்கு ஏகக் கிராக்கி. ஊரில் பணம் புரண்டது. அதே சமயத்தில்தான் பழைய கோட்டை மதிலை இடித்து மனைகளை ஏலம் விட்டார்கள். 1864இல் வாட்சன் ஒரு மனையை எடுத்தார். 1867இல் வேலை தொடங்கி 1869இல் முடிந்தது. ஹோட்டல் திறந்தது 1871இல். சுமார் 130 அறைகள்.

கேள்வி: "இரும்புக் கட்டடம்" என்கிறார்களே, படத்தில் செங்கல் சுவர்தானே தெரிகிறது?

நான் மிகவும் எதிர்பார்த்த கேள்வி இது. அந்தச் செங்கல் சுவர் பாரம் தாங்கவில்லை. அந்தக் காலத்து மாடிக் கட்டடங்களில் சுவர்தான் பாரம் தாங்கும். அதனால் கீழே போகப்போகச் சுவர் கனத்துக்கொண்டே போகும். இங்கே நிலைமை தலைகீழ். தூண்களும் உத்தரங்களும் சேர்ந்த இரும்புக் கூடுதான் தளங்களோடு சுவரையும் சேர்த்துச் சுமக்கிறது. தூண்கள் வார்ப்பிரும்பு. வார்ப்பிரும்பு அழுத்தத்தை நன்றாகத் தாங்கும், ஆனால் வளைத்தால் சட்டென்று முறிந்துவிடும். அதனால் வளைவைத் தாங்கவேண்டிய உத்தரங்களுக்கு, எளிதில் முறியாத தேனிரும்பு. பின்னாளில் வானளாவிய கட்டடங்கள் எழும்பியதும் இந்தக் கொள்கையில்தான். அப்படிப்பட்ட கட்டடங்கள் முதலில் எழுந்த சிகாகோவுக்குப் பல வருடம் முன்னாலேயே அது பம்பாயில் நின்றுகொண்டிருந்தது என்பதை நம் பொறியியல் வகுப்புகளில் சொல்லித்தர வேண்டாமா?

வடிவமைத்தவர் ரோலண்ட் மேசன் ஆர்டிஷ். லண்டன் செயின்ட் பேன்க்ராஸ் ரயில் நிலையத்தின் அகன்ற கூரையிலும் அவர் கை உண்டு. பாகங்களை இங்கிலாந்தில் செய்து, கப்பலில் ஏற்றிக் கொண்டுவந்து, இங்கே பூட்டினார்கள்.

கேள்வி: இந்தியாவில் முதல் சினிமா காட்டப்பட்டது இங்கேதானா?

ஆமாம். 1896 ஜூலை 7. சினிமாவின் முன்னோடிகளான பிரான்ஸின் லூமியர் சகோதரர்களின் ஆள் மாரியஸ் செஸ்தியே, ஆஸ்திரேலியா போகும் வழியில் பம்பாயில் இறங்கிக் காட்டினார். ஆறு குறும்படங்கள், டிக்கெட் ஒரு ரூபாய். பாரிஸில் லூமியர்கள் முதன்முதலாகக் கட்டணம் வாங்கிக் காட்டியது 1895 டிசம்பர் 28. ஏழு மாதம்கூட ஆகவில்லை! அதே 1896இன் தொடக்கத்தில் அமெரிக்க எழுத்தாளர் மார்க் ட்வைனும் இங்கே தங்கினார்.

கேள்வி: ஜாம்ஷெட்ஜி டாடாவை இங்கே உள்ளே விடவில்லை, அந்தக் கோபத்தில்தான் தாஜ் மஹால் ஹோட்டலைக் கட்டினார் என்பது உண்மையா?

வாட்சன் ஹோட்டல் ஐரோப்பியர்களுக்கு மட்டுமானது என்பது உண்மை. அந்த அவமானத்தைச் சின்னதாக்கிப் பேச எனக்கு மனமில்லை. ஆனால் டாடா வாசலில் தடுக்கப்பட்டார் என்பதற்கு அக்காலச் சான்று இல்லை. பின்னால் சேர்ந்த கதை என்றே நினைக்கிறேன். ஹோட்டல் கட்டும் எண்ணம் அவர் மனதில் நெடுநாளாக இருந்தது, மக்களை இந்தியாவுக்கு ஈர்ப்பதுதான் அவர் நோக்கம் என்று அவருடைய நண்பரும் டைம்ஸ் ஆஃப் இந்தியா ஆசிரியருமான லோவட் பிரேசர் சொல்லியிருக்கிறார். தாஜ் 1903 டிசம்பரில் திறந்தது. அதன் பிறகு வாட்சனின் மவுசு குறைந்தது.

கேள்வி: இவ்வளவு பெருமையுள்ள கட்டடம் எப்படி இந்தக் கதிக்கு வந்தது?

ஹோட்டல் மூடியபின் உள்ளே தடுத்துத் தடுத்துச் சிறு அறைகளாக்கி வாடகைக்கு விட்டார்கள். உயர் நீதிமன்றம் பக்கத்திலேயே இருப்பதால் வக்கீல்கள் நிறையப் பேர் அலுவலகம் போட்டார்கள். ஆளுக்கொரு தடுப்பு, ஆளுக்கொரு குழாய். பழைய வாடகைச் சட்டத்தின்படி வந்த சொற்ப வாடகையில் பராமரிப்பு எப்படி நடக்கும்? கடற்காற்று அடிக்கும் ஊரில் ஒழுகும் கூரையை அப்படியே விட்டால், இரும்புக்கு அதைவிடப் பெரிய எதிரி வேண்டாம். 2005 ஜூலை 1ஆம் தேதி மேற்குப் பக்கத்துப் பால்கனிகள் இடிந்து விழுந்து ஓர் உயிர் போயிற்று. அதற்கு முந்தைய மாதம்தான், ஆபத்திலுள்ள உலகின் 100 இடங்களில் ஒன்றாக, மரபுச் சின்னங்களைக் காக்கப் பாடுபடும் வேர்ல்டு மான்யுமென்ட்ஸ் ஃபண்ட் என்ற அமைப்பு இதைப் பட்டியலிட்டிருந்தது.

கேள்வி: இடித்துவிடுவதுதானே பாதுகாப்பு?

2019இல் ஐ.ஐ.டி. பம்பாயின் அறிக்கை அப்படித்தான் பரிந்துரைத்தது. இருந்தவர்களையும் அந்த ஆண்டே காலி செய்ய வைத்தார்கள். மரபுக் கட்டடப் பாதுகாப்பு வல்லுநர்கள் சீரமைக்க முடியும் என்று வாதாடினார்கள். நான் இவர்கள் பக்கம். ஆட்களை வெளியேற்றியது சரிதான், உயிருக்கு மேல் ஒன்றுமில்லை. ஆனால் இது பாகம் பாகமாக வந்து பூட்டப்பட்ட கட்டடம். பாரம் தாங்கும் சுவரில் ஒரு பகுதியைப் பிரித்தெடுத்தால் மேலே உள்ளது சரியும். இங்கே முட்டுக் கொடுத்துவிட்டு, துருவேறிய உத்தரத்தை மட்டும் கழற்றி மாற்ற வழியுண்டு. செலவு பெரிதுதான். பின்னால் ஒட்டவைத்த தடுப்புகளையெல்லாம் முதலில் இறக்குங்கள், கூரை ஒழுகலை நிறுத்துங்கள், பிறகு ஒவ்வொரு மூட்டாகச் சோதியுங்கள். இடிப்பதைப் பற்றிப் பேசுவது அதற்கப்புறம் இருக்கட்டும்.