மருந்துக்கடை முழுவதும் ஒரே டேபிளில்: எங்கே பிரிப்பது?

கேள்வி: மருந்துக்கடை ஒன்றுக்கு பில் போடும் மென்பொருள் எழுதுகிறேன். பில் எண், தேதி, போன், நோயாளி பெயர், மருந்துக் குறியீடு, மருந்துப் பெயர், கம்பெனி, கம்பெனி முகவரி, பேட்ச் எண், காலாவதி தேதி, எம்ஆர்பி, எண்ணிக்கை, விற்ற விலை, ஜிஎஸ்டி சதவீதம் எல்லாம் ஒரே டேபிளில் இருக்கின்றன. ஒரே மருந்தின் பெயர் இரண்டு மூன்று விதமாகப் பதிவாகிறது. புதுச் சரக்கை ஒரு பில்லாவது போட்டால்தான் ஏற்ற முடிகிறது. டேபிளைச் சரியாகப் பிரிப்பதற்கான நார்மல் ஃபார்ம் விதிகளான 2என்எஃப், 3என்எஃப் வரையறைகள் மனப்பாடம் ஆனதே தவிர, எந்த இடத்தில் பிரிப்பது என்று பிடிபடவில்லை.

பதில்: வரையறைகளைக் கொஞ்சம் ஓரமாக வையுங்கள். அவற்றுக்கு முன்னால் செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. பாடப்புத்தகங்கள் அதை அவசரமாகத் தாண்டிவிடுகின்றன. ஒவ்வொரு ஃபீல்டையும் எடுத்து, "எது தெரிந்தால் இது ஒன்றே ஒன்றாகத்தான் இருக்க முடியும்?" என்று கேளுங்கள். மருந்துக் குறியீடு தெரிந்தால் மருந்துப் பெயர் ஒன்றுதான். பில் எண் தெரிந்தால் தேதி ஒன்றுதான். ஃபங்ஷனல் டிபெண்டென்சி, அதாவது சார்பு, என்பது இவ்வளவுதான்.

இதற்கான விடை டேட்டாவில் இல்லை, கடையில் இருக்கிறது. போன் நம்பர் தெரிந்தால் நோயாளி பெயர் தெரிந்துவிடுமா? இதுவரை போட்ட பில்களைப் பார்த்தால் ஆமாம் என்று தோன்றலாம். கல்லாவில் இருப்பவரிடம் கேட்டால் வேறு கதை வரும்: மாமியாரின் பிரஷர் மாத்திரை, பேரனின் சிரப் எல்லாமே மருமகள் நம்பரில்தான் பில் ஆகும். ஆகவே பெயர் போனைச் சார்ந்தது அல்ல, பில் எண்ணைச் சார்ந்தது. பில் டேபிளிலேயே இருக்கட்டும். இதே கடை ஒரு நம்பருக்கு ஒரே வாடிக்கையாளர் என்று விதி வைத்திருந்தால் அதைத் தனி டேபிளாக்கியிருப்போம். ஃபீல்டுகள் அதேதான், விதி மாறினால் வடிவமைப்பும் மாறும். டேட்டா ஒரு சார்பைப் பொய் என்று காட்டலாம். மெய் என்று ஒருநாளும் நிரூபிக்காது.

அடுத்து பேட்ச். காலாவதி தேதியும் அட்டையில் அச்சான எம்ஆர்பியும் மருந்தைச் சார்ந்தவை என்று எழுதிவிடுவது சுலபம். ஆனால் அதே மாத்திரை அடுத்த பேட்சில் வேறு தேதியோடு வரும், சில சமயம் வேறு விலையோடும் வரும். சரி, பேட்ச் எண் மட்டும் போதுமா? போதாது, இரண்டு கம்பெனிகள் ஒரே பேட்ச் எண்ணை வைத்திருக்க எந்தத் தடையும் இல்லை. மருந்துக் குறியீடு, பேட்ச் எண் இரண்டும் சேர்ந்துதான் அவற்றைத் தீர்மானிக்கின்றன.

இப்போது உங்கள் டேபிளின் கீ, அதாவது ஒரு பதிவின் மற்ற எல்லா ஃபீல்டையும் தீர்மானிக்கும் ஃபீல்டுகள், எது என்று பார்ப்போம். பில் எண்ணும் மருந்துக் குறியீடும் கையில் இருந்தால் தேதி, போன், நோயாளி பெயர், மருந்துப் பெயர், கம்பெனி, அதன் வழியாக முகவரி வரை கிடைத்துவிடும். எண்ணிக்கை கிடைக்காது. ஏனென்றால் 10 மாத்திரை கேட்டவருக்குப் பழைய பேட்சில் மிச்சமிருந்த 4, புதியதில் 6 என்று கொடுப்பது கடையில் தினமும் நடப்பது. பேட்ச் எண்ணையும் சேர்த்தால்தான் எல்லாம் வரும். கீ இந்த மூன்றும் சேர்ந்தது.

இதன் பிறகு வரையறைகள் தானாகப் புரியும். மருந்துப் பெயர் அந்தக் கீயின் ஒரு பகுதியை மட்டுமே சார்ந்திருக்கிறது. 2என்எஃப் மறுப்பது இதை. கம்பெனி முகவரி கீயை நேராகச் சாராமல் கம்பெனி வழியாகச் சுற்றி வருகிறது. 3என்எஃப் மறுப்பது இதை. டேட்டாவை டேபிள்களாக வைக்கும் ரிலேஷனல் முறையை 1970-இல் முன்வைத்த ஐபிஎம்-இன் எட்கர் காட் அடுத்த ஆண்டே இந்த இரண்டையும் வகுத்தார். ஆக உங்களுக்கு ஐந்து டேபிள்: பில், பில் வரி (இங்கே வரி என்பது டாக்ஸ் அல்ல, பில்லில் உள்ள ஒரு லைன்), மருந்து, பேட்ச், கம்பெனி. எண்ணிக்கை மூன்று ஃபீல்டு கீயோடு பில் வரியில் இருக்கும். புதுச் சரக்கு வந்தால் பேட்ச் டேபிளில் ஏற்றலாம், பில்லுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. 3என்எஃப்-ஐவிடக் கண்டிப்பான பிசிஎன்எஃப் பற்றிக் கவலை வேண்டாம். எந்த டேபிளிலும் கீயைத் தவிர வேறெதுவும் மற்றொன்றைத் தீர்மானிக்காததால் அதுவும் இதிலேயே நிறைவேறிவிட்டது. ஒன்றை மட்டும் கவனியுங்கள். பிரித்த இரண்டு டேபிள்களுக்கும் பொதுவான ஃபீல்டு, ஏதாவது ஒன்றில் கீயாக இருந்தாக வேண்டும். இல்லாவிட்டால் ஜாயின் செய்யும்போது, அதாவது டேபிள்களை மறுபடி இணைக்கும்போது, இல்லாத விற்பனையெல்லாம் முளைக்கும்.

நிறையப் பேர் வழுக்கி விழும் இடம் விற்ற விலையும் ஜிஎஸ்டியும். "ஜிஎஸ்டி மருந்தைச் சார்ந்ததுதானே, பில் வரியில் எதற்கு?" என்று தூக்கிவிடுவார்கள். 2025 செப்டம்பர் 22 அன்று பெரும்பாலான மருந்துகளுக்கு 12 சதவீதம் 5 ஆகக் குறைந்தது. மருந்து டேபிளில் மட்டும் சதவீதம் வைத்திருந்து அன்று மாற்றியிருந்தால், ஆகஸ்ட் மாத பில்லை மறுபடி எடுக்கும்போது அதிலும் 5 என்றுதான் வரும். ஆடிட்டர் விடமாட்டார். இன்றைய சதவீதம் மருந்தைச் சார்ந்தது. பில் போட்ட அன்றைய சதவீதம் பில் வரியைச் சார்ந்தது. இரண்டும் வேறு வேறு தகவல்கள், இரண்டையும் வைத்துக்கொள்ளுங்கள். விற்ற விலையும் அப்படித்தான்.

பழைய டேட்டாவை மாற்றும் முன், டேட்டாபேஸ் மொழியான எஸ்கியூஎல்-இல் மருந்துக் குறியீட்டை வைத்து குரூப் பை போட்டு, ஒன்றுக்கு மேற்பட்ட பெயர் இருப்பவற்றை ஹேவிங், கவுண்ட் டிஸ்டிங்க்ட் மூலம் எடுங்கள். மருந்துக் குறியீடு, பேட்ச் எண் இரண்டையும் சேர்த்து வைத்து, காலாவதி தேதிக்கும் இதே சோதனையைச் செய்யுங்கள். வரும் பட்டியலைக் கடைக்காரரோடு உட்கார்ந்து சரிசெய்துவிட்டு கம்பெனி, மருந்து, பேட்ச், பில், பில் வரி என்ற வரிசையில் ஏற்றுங்கள். வரிசை மாறினால், வேறொரு டேபிளின் கீயைக் குறிக்கும் ஃபாரின் கீ விடாது.