ஒரே வீட்டில் ஒரு பிள்ளைக்கு மட்டும் டெங்கு முற்றுவது ஏன்? சத்துக் குறைவா?

கேள்வி இதுதான்: பாளையங்கோட்டையில் அண்ணனுக்கும் தங்கைக்கும் ஒரே வாரம் டெங்கு. அவன் எழுந்து விளையாடுகிறான், அவள் ஐசியுவில். ‘சத்தில்லாத பிள்ளை, அதான்’ என்கிறாள் ஆச்சி.

ஆச்சி சொல்வதில் பாதிகூடத் தேறாது. டெங்கு வைரஸில் 4 வகை உண்டு. முன்பு ஒரு வகை வந்தவருக்கு இப்போது வேறு வகை தொற்றினால், பழைய எதிர்ப்புப் புரதங்களே வைரஸை வெள்ளணுவுக்குள் ஏற்றிவிடக்கூடும். வைரஸ் கக்கும் என்எஸ்1 புரதம் ரத்தக்குழாயின் உள்பூச்சை அரிக்கும். பிறவியிலேயே நமக்குள்ள காவல், காம்ப்ளிமென்ட் புரதங்கள். அவை அளவுமீறிக் கிளம்பினால் குழாய் இன்னும் கசியும். காவக்காரனே கதவை உடைத்த கதை.

சத்து? கடும் டெங்குவில் துத்தநாகம், வைட்டமின் டி குறைந்திருந்ததாகச் சில ஆய்வுகள் உண்டு. ஆனால் கடும் காய்ச்சல் எதிலும் துத்தநாகத்தைக் கல்லீரல் உள்ளே இழுத்துக்கொள்ளும், ரத்தத்தில் அளவு இறங்கும். அப்போது குறைவு காரணமா, விளைவா? ஃபெர்ரிட்டின் (இரும்பைச் சேமிக்கும் புரதம்) எகிறினால் ‘இரும்புச்சத்து ஏராளம்’ என்று மகிழவும் வேண்டாம். அது அழற்சியின் அடையாளம். கொழுகொழு பிள்ளைக்கும் ஷாக் (ரத்த ஓட்டம் சரிவது) வரும்.

நம்மூரில் எல்லாரும் பிளேட்லெட்டையே பிடித்துத் தொங்குகிறார்கள். ரிப்போர்ட்டில் பிசிவி வரியைப் பாருங்கள்; ரத்தத்தில் சிவப்பணுக்கள் எத்தனை சதவீதம் என்ற கணக்கு அது. 38 இருந்தது 46 ஆனால் குழாயிலிருந்து நீர் கசிந்து ரத்தம் கெட்டியாகிறது என்று பொருள். காய்ச்சல் விடும் சமயத்தில், அதாவது காய்ச்சல் தொடங்கிய 3 முதல் 7ஆம் நாளுக்குள், வயிற்றுவலியோ விடாத வாந்தியோ வந்தால் பப்பாளி இலையை அரைத்துக்கொண்டிராமல் ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.